புதுப்பிப்பு: ஒரு கேமுக்கு ஒரே பதிப்பு, தர்மபுரி நிலவரம்

8 பிட் டிவி கேம் தொகுப்பில் ஒரே கேம் நாலைந்து பெயரில் கிடக்கிறது, எப்படிக் கழிப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பெயரை நம்பாதே, செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும் அடையாள எண்) பார் என்றார்கள். பார்த்தேன். நெஸ் (நின்டெண்டோவின் 8 பிட் கேம் கருவி) கேம் கோப்பின் தொடக்கத்தில் 16 பைட் ஹெடர், அதாவது கோப்பைப் பற்றிய குறிப்பு, இருக்கும். அது மாறினால் உள்ளே அதே கேம் இருந்தாலும் செக்சம் வேறாகிவிடும். ஹெடரைத் தவிர்த்து ஒப்பிட்டதும் குப்பை மளமளவென்று குறைந்தது.

தலைவலி அதற்கப்புறம்தான்: நாட்டுக்கு நாடு மாறும் பதிப்புகளில் எதை வைப்பது? கான்ட்ரா என்ற சுடும் கேம் ஐரோப்பாவில் ‘புரோபோடெக்டர்’, வீரர்களுக்குப் பதில் ரோபோக்கள். ஜப்பான் பதிப்பிலோ கட்டங்களுக்கு நடுவே கதைக் காட்சி, வரைபடம், பனிக் கட்டத்தில் கொட்டும் பனி. என் ஓட்டு ஜப்பானுக்கே. பாலக்கோட்டிலிருந்து வந்த சித்தப்பா மகன் ஒப்பவில்லை: “அண்ணா, நாம ஆடின கேசட்ல இதெல்லாம் எங்க இருந்துச்சு? அமெரிக்கப் பதிப்பையே வை.” அவனுக்காக இந்த ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு.

சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2 நேர் எதிர். பெயர் ஒன்று, கேம் இரண்டு. அமெரிக்காவில் வந்தது 1987-இன் ஜப்பானிய ‘டோகி டோகி பேனிக்’கை மாற்றி எடுத்தது; ஜப்பானில் அதே பெயரில் வந்தது முற்றிலும் வேறு. பெயரை வைத்துக் கழிக்கும் மென்பொருளிடம் இதை விட்டால் ஒன்று காலி. இரண்டும் இருக்கட்டும்.

‘9999 கேம்’ கேசட்டுகளை மொத்தமாக ஓரங்கட்டிவிட்டேன். ஒரே மரியோவை வேறு வேறு கட்டத்தில் தொடங்கவிட்டுக் கணக்குக் காட்டும் பித்தலாட்டம் அது.

அடுத்து சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கருவிக்கான கேம்கள். பதிப்பு வேறுபாடு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.