டைம் அவுட்டுக்குத் தமிழ்ச் சொல்: சூழ்வேளையா, கேட்பு நிறுத்தமா?

மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். கூடைப்பந்துப் பயிற்றுநர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். 'டைம் அவுட்', அதாவது ஆட்டத்தின் நடுவே ஓர் அணி கேட்டுப் பெறும் குறுகிய நிறுத்தம், பற்றிய இயலில் சொல் கிடைக்காமல் நிற்கிறேன். முதல் வரைவில் 'நேர நிறுத்தம்' என்று எழுதினேன். ஆனால் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டினாலும், ஃபவுல் (விதிமீறல்) நேர்ந்தாலும் ஆட்டக் கடிகாரம் நிற்கத்தான் செய்கிறது. அவற்றை எவரும் டைம் அவுட் என்பதில்லை. 'இடைவேளை' என்பதோ இரண்டு பாதிகளுக்கும் நடுவே வருவதற்கு உரியதாகிவிட்டது. 'ஓய்வு' என்று எழுதினால், களைத்தவர் மூச்சு வாங்கும் நேரம் என்பதற்கு மேல் பொருள் செல்லாது.

எனக்கு வேண்டியது எண்ணவும் செலவிடவும் மிச்சம் பிடிக்கவும் இடந்தரும் சொல். ஃபிபா (பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி ஓர் அணிக்கு முற்பாதியில் 2, பிற்பாதியில் 3, சமநிலையில் முடிந்தால் வரும் கூடுதல் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் 1 என்று கிடைக்கிறது; ஒவ்வொன்றும் 60 விநாடி. முற்பாதியில் எடுக்காதது பிற்பாதிக்கு வந்து சேராது. பிற்பாதியின் மூன்றையும் கடைசி 2 நிமிடங்களுக்கென்று பூட்டி வைக்கவும் முடியாது. அப்போது இரண்டுக்குத்தான் இடமுண்டு. ஆகவே, எதிரணி அடுத்தடுத்துக் கூடை போட்டு முன்னேறும்போது ஒன்றைச் செலவிட்டு அந்த வேகத்தை முறிப்பதா, கைவசம் வைத்துக்கொண்டு வீரர்கள் தாமாகவே மீளட்டும் என்று பொறுப்பதா என்பதைப் பற்றியே அந்த இயல் முழுவதும் பேசுகிறது. அந்த வாக்கியங்களில் உறுத்தாமல் அமரும் சொல்லைத் தாருங்கள்.

இலக்கண ஆசிரியர்:

'சூழ்வேளை' என்று முன்மொழிகிறேன். சூழ்தல் என்பதற்கு வளைந்து நிற்றல், ஆராய்தல் என்று இரண்டு பொருள்களும் உண்டு. பயிற்றுநரை வீரர்கள் வளைந்து நிற்கிறார்கள். நின்றபடியே அடுத்த ஆட்ட முறையை ஆராய்கிறார்கள். நிகழ்வின் தோற்றத்தையும் நோக்கத்தையும் ஒரே வேர் தாங்கி நிற்பது அரிதாகவே வாய்க்கும். 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்று குறள் தொடங்குமிடத்தில் சூழ்ச்சி என்பது வஞ்சகம் அன்று, ஆலோசனை. துணிந்தபின் காலம் தாழ்த்துவது தீது என்று அக்குறள் முடிவதையும் நோக்குக. 60 விநாடிக்குள் முடிவெடுத்துக் களத்துக்குத் திரும்ப வேண்டிய அணிக்கு அதைவிடப் பொருந்திய இலக்கணம் உண்டா? ஆலோசனை கூறுவோரைச் 'சூழ்வார்' என்று அதே நூல் அழைப்பதால், பயிற்றுநரையும் அச்சொல்லால் அழைக்கலாம் என்று தோன்றுகிறது. அதை வேறு இழையில் விரித்து எழுதுவேன். 'சூழ்வேளை' முக்காலத்துக்கும் பொதுவான வினைத்தொகை. 'ஊறுகாய்' போல வல்லினம் மிகுமோ என்ற ஐயம் எழாத அமைப்பு.

முன்னாள் நடுவர்:

ஐயா, உங்கள் புலமையை வணங்குகிறேன். ஆனால் இன்று 'சூழ்' என்று கேட்டவுடன் படிப்பவருக்குச் சதிதான் நினைவுக்கு வரும். இளம் பயிற்றுநர் கையேட்டைப் புரட்டும்போது குறளின் உரையையும் கையில் வைத்திருக்க மாட்டார். இன்னொன்று: எல்லா டைம் அவுட்டும் ஆலோசனைக்காக எடுக்கப்படுவதில்லை. எதிரணி வீரர் ஃப்ரீ த்ரோ (தடுப்பாரின்றிக் கூடைக்கு எறியும் வாய்ப்பு) எறியப் போகும்போது அவரைக் காக்க வைத்து மனத்தைக் குலைப்பதற்கென்றே எடுப்பவர்கள் உண்டு. கடைசி 2 நிமிடங்களில் தன் பின்களத்திலிருந்து (தான் காக்கும் பாதியிலிருந்து) பந்தை எறிய வேண்டிய அணி, டைம் அவுட் எடுத்தால் எறியும் இடத்தை முன்களத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்தச் சலுகைக்காகவே ஒன்றை மிச்சம் பிடிப்பார்கள்.

நான் கண்டவரை இதன் உயிர் கேட்பதில்தான் இருக்கிறது. ஃபிபா விதிப்படி தலைமைப் பயிற்றுநரோ முதல் துணைப் பயிற்றுநரோ பதிவு மேசையில் கேட்க வேண்டும். கேட்டவுடன் கிடைப்பதும் இல்லை, பந்து ஆட்டத்தில் இல்லாத நிலையோ எதிரணி கூடை போட்ட தருணமோ வாய்க்க வேண்டும். 1993-இல் அமெரிக்கக் கல்லூரி இறுதிப் போட்டியில் என்ன நடந்தது? 73-71 என்று பின்தங்கியிருந்த மிச்சிகன் அணியின் கிறிஸ் வெப்பர், ஏறத்தாழ 11 விநாடி இருக்கையில் இருவரிடம் சிக்கி டைம் அவுட் கேட்டார். அணியின் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ தரும் டெக்னிக்கல் ஃபவுல் விதிக்கப்பட்டது. வட கரோலினா 77-71 என்று வென்றது. அங்கே ஆலோசனையும் இல்லை, நிறுத்தமும் பயன்படவில்லை. கேட்டது மட்டுமே ஆட்டத்தை முடித்தது. எனவே 'கேட்பு நிறுத்தம்' என்பதே என் பரிந்துரை.

இலக்கண ஆசிரியர்:

அப்படியானால் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடர்) ஆட்டங்களை என்ன செய்வீர்கள்? அங்கே குறிப்பிட்ட நேரம்வரை எவரும் கேட்காவிட்டால், ஓர் அணியின் கணக்கில் எழுதிக் கட்டாய டைம் அவுட் வழங்கப்படுகிறது. கேளாமல் வருவதைக் 'கேட்பு' என்பது எப்படிப் பொருந்தும்? எல்லா நேர்வுக்கும் பொருந்தும் பெயர் வேண்டும் என்று நன்னூலும் வற்புறுத்தவில்லை. முள்ளுடைய செடிகள் எல்லாம் முள்ளி ஆவதில்லை. காரணம் ஒன்றைப் பற்றி எழுந்து, ஒன்றற்கே வழங்கும் காரண இடுகுறிப் பெயர் அது. சூழ்வேளையும் அவ்வாறு நிலைபெறும். சதி என்ற பொருள் பிற்காலத்தில் படிந்த கறை. அதற்கு அஞ்சி நல்ல வேரைக் கைவிட்டால் மொழியில் எஞ்சுவது எவ்வளவு?

மொழிபெயர்ப்பாளர்:

இருவர் மடல்களையும் பலமுறை படித்தேன். கையேட்டின் வாக்கியங்களில் இரண்டு சொற்களையும் வைத்துப் பார்த்தேன். 'இரண்டு கேட்பு நிறுத்தங்களைக் கடைசிக்கு மிச்சம் வையுங்கள்' என்பது விளங்குகிறது. ஆனால் 'கேட்பு நிறுத்தம் கேட்டார்' என்று எழுதும்போது தடுக்குகிறது. 'சூழ்வேளை கேட்டார்' காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் வாசித்துக் காட்டிய பயிற்றுநர்கள் மூவரும் பொருள் கேட்டார்கள். இதற்கிடையில் மற்றோர் உறுப்பினர் தனிமடலில் அனுப்பிய 'உத்திவேளை' என்ற சொல்லை அவர்கள் விளக்கமின்றியே புரிந்துகொண்டார்கள். குழுவில் கருத்துச் சொன்ன பதினொருவரில் எழுவர் அதற்கு இசைந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் இழை நீண்டுவிட்டதால் இசைந்தார்கள் என்பதையும் அறிவேன். முதல் வருகையில் 'டைம் அவுட் எனும் உத்திவேளை' என்றும், பிறகு உத்திவேளை என்றும் எழுதி அனுப்புகிறேன்.

முன்னாள் நடுவர்:

எனக்கு உடன்பாடு. கைகளால் 'டி' காட்டும் சைகைக்குக் கீழே எந்தச் சொல் இருந்தாலும் பயிற்றுநர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். அந்தப் படத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இலக்கண ஆசிரியர்:

அச்சுக்குப் போகட்டும். 'யுக்தி'யிலிருந்து வந்ததே உத்தி என்போர் உண்டு. முப்பத்திரண்டு உத்திகளைத் தொல்காப்பியம் கூறுவதால் அச்சொல்லின் தொன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் உத்தி என்பது பயிற்றுநர் ஒருவர் தலையில் மட்டுமே இருந்துவிடலாம். சூழ்தலுக்கோ ஐவரும் அருகே வந்து நிற்க வேண்டும். குழுவின் சொற்பட்டியலில் உத்திவேளைக்கு நேரே என் மறுப்பையும் பதிவு செய்யுமாறு வேண்டுகிறேன். அடுத்த பதிப்புக்கு முன் இதே இழையில் மீண்டும் எழுதுவேன்.