.300 வின் மக்னம் துவக்கின்ர உதையைக் குறைக்கிறது எப்பிடி?

கேள்வி: வெள்ளவத்தைக் கடலோரம்

வணக்கம். மெல்போனில அத்தானிட்ட .300 வின்செஸ்டர் மக்னம் துவக்கு ஒண்டு கிடக்கு. விக்டோரியா மலைக்காட்டில மரை வேட்டைக்கு வாங்கினது. (இங்க மரையில கைவைக்க ஏலாது. அங்க அது வெளியில இருந்து கொண்டுபோய் விட்டுப் பெருகின மிருகம், லைசன்ஸோட சுடலாம்.) ஸ்கோப்போட (குறிபார்க்கிற கண்ணாடிக்குழாய்) நிறை 3.6 கிலோ, 180 கிரெயின் ரவை, பிளாஸ்டிக் பிடங்கு, அடியில கடும் றப்பர் 12 மி.மீ. இப்ப அக்காவும் லைசன்ஸ் எடுத்திட்டா. உயரம் 157 செ.மீ. மேசையில வச்சுச் சுடேக்க மூண்டாம் வெடியிலயே கண்ணை மூடுறா, விசையை வெட்டி இழுக்கிறா. பிடங்கின்ர அடியில மொத்தமான மெத்துப் பாட் போடுறதோ, குழல் முனையில வாயுவைத் திருப்புற பிரேக் பூட்டுறதோ, வெடியை மாத்துறதோ? நான் ஆவணியில போறன், இங்கயிருந்து ஏதும் வாங்கிக்கொண்டு போகலாமோ?

பதில் 1: குறிமுனை

கடைசிக் கேள்விக்கு முதல்ல: துவக்கின்ர பாகம் எதையும் பெட்டியில கொண்டு போகாதேங்கோ. எல்லாம் மெல்போனிலயே கிடைக்கும்.

உதை எவ்வளவு எண்டு கணக்குப் பார்ப்பம். 180 கிரெயின் எண்டால் 11.66 கிராம், குழலை விட்டு செக்கனுக்கு 900 மீற்றர் வேகத்தில போகுது. வெடிமருந்து ஏறக்குறைய 4.5 கிராம், அது எரிஞ்ச வாயு 1,400 மீற்றருக்கு மேல வேகத்தில பாயும். இரண்டையும் கூட்டினால் 3.6 கிலோ துவக்கு செக்கனுக்கு 4.7 மீற்றரில பின்னுக்கு வரும், சக்தி 40 ஜூல் அளவு. அதே நிறையில .308 வின்செஸ்டர், 150 கிரெயின் எண்டால் 22 ஜூல். அரைவாசி தான். அக்காவுக்கு எண்டு ஒரு துவக்கு எடுக்கிற யோசனை இருந்தால் .308 அல்லது 7 மி.மீ-08 எடுங்கோ. விக்டோரியா சட்டத்தில மரைக்கு ஆகக்குறைஞ்சது .270, 130 கிரெயின் ரவை; இரண்டும் அதுக்கு மேல.

இந்தத் துவக்கு தான் எண்டால், காசு செலவழிக்க முதல் மேசையைத் திருத்துங்கோ. அநேகமாக அவவின்ர பிரச்சினை அங்கதான் தொடங்குது. துவக்கை வைக்கிற தாங்கி பதிவாக இருந்தால் உடம்பு முன்னுக்குக் குனியும். குனிஞ்சால் பிடங்கு காறை எலும்பில ஏறும், தோள் பின்னுக்குப் போக இடமில்லை, முழு அடியும் எலும்பில. தாங்கியை உயர்த்தி, நிமிர்ந்து இருந்து, தோள் மூட்டுக்கும் காறை எலும்புக்கும் நடுவில இருக்கிற குழியில பிடங்கை வையுங்கோ. இழுத்து இறுக்கி வைக்க வேணும். பயந்து தளர்வாப் பிடிச்சால் துவக்கு வேகம் எடுத்து வந்து அடிக்கும். மேசையில மட்டும் பிடங்குக்கும் தோளுக்கும் நடுவில சின்ன மண்பை ஒண்டு வைக்கலாம். ஸ்கோப் சரி பார்த்து முடிஞ்ச உடன மேசையை விட்டு எழும்பி, தடியில சாத்தி நிண்டு சுடட்டும். நிண்டால் உடம்பு உதையோட சேர்ந்து ஆடும். படுத்துச் சுடுறது தான் ஆக மோசம்.

கண் மூடுற பழக்கத்துக்குப் பாட் மருந்தில்லை. அத்தான் பெட்டியில சில போலித் தோட்டாவைக் கலந்து, அவ பாராமல் ஒவ்வொண்டாப் போட்டுக் குடுக்கட்டும். வெடிக்காத தோட்டாவில குழல் முனை கீழ குத்தினால் அவவுக்கே விளங்கும். ஒரு நாளைக்கு மக்னம் பத்து வெடிக்கு மேல வேண்டாம், மிச்சம் உதை இல்லாத சின்ன .22 துவக்கில.

பதில் 2: லேத்

குறிமுனை அண்ணை சொன்னது சரி, ஆனால் உதையில் பெரிய குறைப்பு வேண்டுமென்றால் பிரேக்தான். அரைக் கிலோ நிறை கூட்டினால் 40 ஜூல் 35 ஆகும், அவ்வளவுதான். அதையும் மலையில் சுமக்க வேண்டும். நல்ல பிரேக் 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கும். மேலே உள்ள கணக்கிலேயே உதையின் மூன்றிலொரு பங்குக்கு மேல் வாயுவால் வருகிறது. பிரேக் அந்த வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் திருப்புகிறது. மருந்து அதிகமுள்ள மக்னத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும்.

மெல்லிய வேட்டைக் குழலில் 5/8-24 புரி (5/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று) வெட்டச் சொல்லாதீர்கள். அது 15.9 மி.மீ.; முனை 16 மி.மீ. என்றால் பிரேக் முட்டி நிற்கக் குழலில் விளிம்பே மிஞ்சாது. 14 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளிப் புரிதான் அதற்கு. ரவையின் விட்டம் 7.82 மி.மீ., பிரேக்கின் துளை அதைவிட அரை மி.மீ. கூட இருக்க வேண்டும். புரி குழலின் உட்துளையோடு ஒரே அச்சில் வராவிட்டால் ரவை பிரேக்கில் உரசும். முதலில் குறி சிதறும், மோசமானால் பிரேக் பிய்த்துக்கொண்டு போகும். பஞ்சிகாவத்தையில் அச்சாணிக்குப் புரி வெட்டுவது போன்ற வேலை அல்ல இது, துவக்குத் திருத்துநர் உட்துளையை வைத்தே மையம் பிடிக்க வேண்டும். அடியில் ஓட்டையுள்ள பிரேக் வேண்டாம், புழுதி கிளப்பும். பூட்டியபின் ரவை விழும் இடம் மாறும், மறுபடி ஸ்கோப்பைச் சரி பார்க்க வேண்டும்.

சத்தம் விளையாட்டல்ல. 140 டெசிபலிலேயே காது நிரந்தரமாகக் கெடலாம். பிரேக் இல்லாத மக்னமே 160க்கு மேல். காதுக்குள் அடைப்பும் மேலே மூடியும் இரண்டும் போட வேண்டும், பக்கத்தில் நிற்பவரும் கூட. சைலென்சர் சாதாரண வேட்டை லைசன்ஸுக்கு விக்டோரியாவில் கிடைக்காது.

கேள்வியாளர்

நன்றி. அத்தானிட்ட அளக்கச் சொன்னன். விசையிலயிருந்து பிடங்கின்ர அடிநடு வரைக்கும் 35 செ.மீ. இதுக்கு மேல 25 மி.மீ பாட் ஒண்டைச் செருகினால் போதுமோ?

பதில் 3: பிடங்குக்காரன்

செருக வேண்டாம். 157 செ.மீ ஆளுக்கு 35-ஏ நீளம், இன்னும் இரண்டரை கூட்டினால் கை நீட்டி, தலையைப் பின்னுக்குச் சாய்ச்சுச் சுடுவா. பிடங்கு குழியை விட்டுப் புயத்துக்குப் போயிடும்.

அவவுக்கு 32.5 அளவு வேணும். பழைய 12 மி.மீ றப்பரைக் கழட்டினால் 33.8, புதுப் பாட் 2.5 எண்டால் வெறும் பிடங்கு 30 தான் இருக்கலாம். அப்ப 3.8 செ.மீ வெட்ட வேணும். வெட்ட முதல் பின் வார்க்கொளுவி (தோள் வார் மாட்டுற வளையம்) எங்க நிக்குது எண்டு பாருங்கோ, அதுக்குக் கிட்ட வந்திடும். பழைய அடியின்ர சரிவுக் கோணத்தை அப்பிடியே பிடிச்சு, மறைப்பு நாடா சுத்தி, நுண்பல் வாளால அறுக்கோணும். பிளாஸ்டிக் பிடங்கு உள்ள கோது; அறுத்த பிறகு ஸ்குறூ பிடிக்க ஒண்டும் இராது. மரக்கட்டை ஒண்டை எப்பொக்சியில பதிச்சு, ஒரு நாள் காய விட்டுப் பாட்டைப் பூட்டுங்கோ. லிம்சேவர் அல்லது பாக்மையர் டிசெலரேட்டர் இரண்டில ஒண்டு. அத்தானும் பாவிக்கிறதெண்டால் 12 மி.மீ இடைத்தட்டுகள் போட்டுக் கூட்டிக் குறைக்கலாம். பாட்டுக்குக் கூடின நீள ஸ்குறூ அதுக்கு வேணும்.

ஒண்டை மறக்கக் கூடாது. பிடங்கு குறுகினால் கண் ஸ்கோப்புக்குக் கிட்டப் போகும், மக்னத்தில புருவம் வெட்டும். கண்ணை மூடித் துவக்கைத் தோளில வச்சு, பிறகு திறந்து பார்க்கட்டும்; முழு வட்டமும் தெரியேக்க கண்ணுக்கும் ஸ்கோப் கண்ணாடிக்கும் 9 செ.மீயாவது இருக்க வேணும். இல்லாட்டி ஸ்கோப்பை முன்னுக்குத் தள்ளி, வளைய ஸ்குறூவை 2 நியூட்டன் மீற்றர் அளவில, டோர்க் சாவியாலயே இறுக்குங்கோ.

ஈயக் குண்டு நிரப்பின பாரத் தாங்கியில துவக்கைப் பூட்டிச் சுடுறவையும் இருக்கினம். தோள் தப்பும். ஆனால் துவக்கு பின்னுக்குப் போக வழியில்லாமல் பிடங்கு வெடிக்கும், ஸ்கோப்பும் குலையும். அத்தானிட்ட அது இருந்தால் அக்காவின்ர பிரச்சினைக்கு அதை எடுக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.