பைதனில் தமிழ்ப் பெயரை வெட்டினால் புள்ளி போய்விடுகிறது

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
வணக்கம். புறக்கோட்டையில் இருக்கும் மாமாவின் புடவைக் கடைக்கு பைதன் என்ற நிரல்மொழியில் பில் போடும் நிரல் ஒன்று எழுதுகிறேன். பில்லில் இடம் குறைவு என்பதால் பெயரையும் ஊரையும் ஸ்லைஸ் செய்து சுருக்குகிறேன். ஆங்கிலத்தில் பிரச்சினையே இல்லை. ‘கொழும்பு’ என்பதை ஐந்தில் வெட்டினால் ‘கொழும’ என்று அச்சாகிறது. நீளம் சொல்லும் லென் கட்டளை 8 என்கிறது, நான் எண்ணினால் 4 எழுத்து.

இன்னொன்று, ‘கௌரி’ என்று தேடினால் சில கௌரிகள் வருகிறார்கள், சிலர் வருவதே இல்லை. பெயர்கள் எல்லாம் பழைய பாமினி எழுத்துருக் கோப்பிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியவை. வாடிக்கையாளர் பெயர் பிழையாக அச்சாவது மாமாவுக்குப் பிடிக்காது, எனக்கும்தான். என்ன செய்யலாம்?

காலி வீதி:
தம்பி, லென் எண்ணுவது எழுத்தை அல்ல, யூனிகோட் குறிகளை, அதாவது கணினி தனித்தனியாகச் சேமிக்கும் துண்டுகளை. க, ொ, ழ, ு, ம, ், ப, ு என்று எட்டு. ஐந்தோடு நிறுத்தினால் ‘ம’ உள்ளே, அதன் புள்ளி வெளியே. பைதனோடு வரும் ரீ என்ற தேடல் தொகுதி இதற்கு உதவாது. ரெஜெக்ஸ் என்று தனியாக ஒரு தொகுதி இருக்கிறது, பைதன் தொகுதிகளை நிறுவும் பிப் மூலம் நிறுவுங்கள். அதில் பின்சாய்கோடு, பெரிய எக்ஸ் என்ற வடிவத்தை, பொருந்துவதையெல்லாம் எடுத்துத் தரும் ஃபைண்ட்ஆலுக்குக் கொடுத்தால் கொ, ழு, ம், பு என்று பட்டியல் வரும். பட்டியலை வெட்டி, ஜாயின் கட்டளையால் திரும்ப ஒட்டினால் போதும். க்ஷ மட்டும் க், ஷ என்று இரண்டாகப் பிரியும், கவனம்.

கௌரிதான் கூடுதல் கவனம் கேட்கிற ஆள். பாமினியில் ‘ௌ’வின் பின்பாதிக்கும் ‘ள’வுக்கும் ஒரே விசை. அதனால் மாற்றும் கருவி சில இடத்தில் க, ெ, ள, ரி என்று எழுதிவிடும். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு சொல். ‘ொ’ இரண்டு துண்டாக வந்திருந்தால் பைதனோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுதியின் என்எஃப்சி நார்மலைஸ் அதை ஒரே குறியாக ஒட்டிவிடும். ஆனால் இந்த ‘ள’வை அது தொடாது.

அதற்காக எல்லா ‘ெள’வையும் ‘ௌ’வாக மாற்றிவிடாதீர்கள், முகவரிகளில் வெள்ளவத்தை கெட்டுப்போகும்! ‘ள’வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்றுங்கள். மறுபக்கமும் பாருங்கள்: ‘ௌ’வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ‘ெள’வாக இருக்க வேண்டியது. நம்மூர்ச் செய்தித் தளங்களில் ‘வௌிநாடு’ என்று வருவது இந்தப் பிழைதான். ஒரு மனிதரின் பெயர் சம்பந்தப்பட்டது, மாற்றியதும் பட்டியலை ஒருதரம் கண்ணால் வாசித்துவிடுங்கள்.

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
மிக்க நன்றி அண்ணா. எட்டு கௌரிகளும் வந்துவிட்டார்கள், அதில் மூன்று பேர் ‘ள’ வைத்த கௌரி. அப்புறம், நன்றி சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பவும் மாமா கேட்கிறார். அங்கேயும் இப்படித்தான் எண்ண வேண்டுமா?

முகத்துவாரம்:
இல்லை, அங்கே லென் சொல்வதைத்தான் எடுக்க வேண்டும். ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 இடம். ஒரு தமிழ்க் குறி வந்தாலே மொத்தச் செய்திக்கும் 70தான், அதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரியும், துண்டுக்கு 67. ‘நன்றி, மீண்டும் வருக’ என்பதே 20 இடம் எடுக்கும். கடைப் பெயரையும் பில் தொகையையும் மிச்சம் 50க்குள் அடக்கப் பாருங்கள், துண்டு கூடினால் காசும் கூடும்.