செடியைப் பார்த்து வரைவதா, போன் படத்தைப் பார்த்து வரைவதா?

கொக்குவில்_முற்றம்:
தை மாதம் தொடங்கிய நீர்வர்ணக் கொப்பி 23ஆம் பக்கத்துக்கு வந்துவிட்டது. வளவில் நிற்கும் செவ்வரத்தை, தூதுவளை, முருங்கை, மாமரம் எல்லாம் அதில் இருக்கின்றன. பகலில் வெயில் தாங்க முடியாததால் காலையில் போனில் படம் எடுத்துவிட்டு இரவு மேசையில் இருந்து வரைகிறேன். "அக்கா, இது கொப்பி இல்லை, போட்டோக்கொப்பி" என்று தங்கை நக்கல் அடிக்கிறாள். அப்படியா?

பனங்கூடல்:
தங்கச்சி சொல்வதுதான் சரி. வேலிப் பூவரசை எடுத்துப் பாருங்கோ. காலையில் விரியும்போது வெளிர் மஞ்சள், உள்ளே அடியில் கருஞ்சிவப்பு. பின்னேரம் அதே பூ செம்மஞ்சளாக மாறத் தொடங்கி, வாடும்போது ஊதா கலந்த சிவப்பாகிவிடும். உங்கள் காலைப் படத்தில் இருப்பது ஒரு மஞ்சள் பூ, அவ்வளவுதான். நான் ஒரே பக்கத்தில் அதை மூன்று தரம் வரைந்து பக்கத்தில் நேரமும் எழுதி வைத்தேன். இரண்டாவது பூவில் ஒரு எறும்பும் இருக்கிறது, அதை அழிக்கவில்லை.

வெயிலான்:
அண்ணை, நிழலில் சாய்மனைக் கதிரை போட்டிருப்பவருக்கு எல்லாம் சுலபம். சித்திரை வெயிலில் ஒரு இலைக்கு வர்ணம் பூசி, அடுத்த நிறத்தைத் தொட்டு வருவதற்குள் முதலாவது காய்ந்துவிடுகிறது. ஈரத்தில் ஈரம் கலக்காமல் நீர்வர்ணம் எதற்கு? அதோடு முருங்கைப் பூ காற்றில் ஒரு நிமிஷம் சும்மா நிற்காது. செவ்வரத்தையின் நடுத்தண்டு நுனியில் ஐந்தாகப் பிரிவதை நான் போன் படத்தைப் பெரிதாக்கித்தான் ஒழுங்காகக் கண்டேன்.

பனங்கூடல்:
ஐந்தாகப் பிரிவதைக் காண பூவைக் கிட்டப் பிடித்தால் போதுமே, தம்பி. 19ஆம் நூற்றாண்டில் பேராதனைப் பூங்காவுக்குச் செடிகளை வரைந்த ஹரமானிஸ் டி அல்விஸ் போனையா பெரிதாக்கிப் பார்த்தார்?

வெயிலான்:
இருந்திருந்தால் பார்த்திருப்பார்.

கிணற்றடி:
இரண்டு பேரும் நிறத்தை மறந்துவிட்டீர்கள். போன் வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். என் போனில் எல்லா இலையும் ஒரே பச்சை, அதுவும் பிளாஸ்டிக் பச்சை. குழாயில் வரும் பச்சையை அப்படியே அப்பினாலும் இதே கதைதான். நீலத்தோடு எலுமிச்சை மஞ்சளைக் கலந்து, துளி செங்கபிலம் சேர்த்தால் மா இலையின் முற்றிய பச்சை வரும். ஆனால் மாந்தளிர்? அது முதலில் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும், பச்சையாகும்போதுதான் நிமிரும். அந்தத் துவண்ட செம்பைப் படத்தில் பார்த்து வரைந்தேன், காய்ந்த இலை மாதிரி வந்தது. மரத்தடியில் இருந்து வரைந்தபோதுதான் தளிராக வந்தது.

வெயிலானுக்கு ஒன்று: காலை 6.30க்கும் 8க்கும் இடையில் இருங்கள். கொப்பியில் நேரே வெயில் விழ விடாதீர்கள். வெள்ளைத் தாளில் கண் கூசினால் நிறம் பிழையாகிவிடும். தாள் சதுர மீட்டருக்கு 300 கிராம் தடிப்பில் இருக்கட்டும், பள்ளிக்கூடச் சித்திரக் கொப்பி தண்ணீர் பட்டதும் அப்பளம் போலப் பொங்கும்.

வெயிலான்:
காலை 6.30க்கு நான் பஸ்ஸில் நிற்பேன், அக்கா. இரவில்தான் நேரம் கிடைக்கிறது. படம் பார்த்து வரையக்கூடாது என்றால் என்னைப் போன்றவர்கள் வரையவே கூடாது என்றுதான் அர்த்தம்.

பனங்கூடல்:
அப்படிச் சொல்லவில்லை. ஒரு கொப்பை ஒடித்து வந்து போத்தல் தண்ணீரில் வைத்து, விளக்கடியில் வரையுங்கோ. அப்போதும் செடி முன்னால்தான் இருக்கிறது. பூவரசம்பூ மட்டும் அதுக்குச் சரிவராது, இரவில் நிறம் மாறிவிட்டிருக்கும்.

வெயிலான்:
கொப்பு யோசனை பரவாயில்லை. ஆனாலும் படத்தை விடமாட்டேன்.

கொக்குவில்_முற்றம்:
சரி, நாளைக் காலை பூவரசடியில் கதிரை போடுகிறேன். நேரம் எழுத வேண்டும் என்பதால் போனும் வரும்.

வெயிலான்:
நேரம் பார்க்க மட்டும்தானே, அக்கா?