மடக்குக் கத்தி எவ்வளவு லேசாகத் திறக்க வேண்டும்?

புதுக்கை
விக்டோரினாக்ஸ் பேனாக்கத்தியை நகம் போட்டு இழுத்தால்தான் திறக்கிறது, பாதி வழியெல்லாம் ஸ்பிரிங் எதிர்த்து நிற்கிறது. பேரிங் போட்ட லைனர் லாக் (கைப்பிடியின் உள்தகடு அலகின் பின்னால் வந்து பூட்டும் வகை) கத்தியோ ஒரு விரல் தள்ளினால் பாய்ந்து திறக்கிறது, பூட்டை விலக்கினால் அலகு தன் எடையிலேயே விழுந்து மூடிக்கொள்கிறது. இரண்டில் எது தரம்? அந்த இறுக்கம் தயாரிப்புக் குறையா, அல்லது இந்தத் தளர்வுதான் குறையா?

வெண்ணெய்வெட்டு
ரெண்டாவதுதான் தரம், இதுல யோசிக்க என்ன இருக்கு? பூட்டை எடுத்ததும் அலகு கில்லட்டின் மாதிரி விழணும். விழுதுன்னா அச்சு நேரா இருக்கு, ரெண்டு பக்கத் தகடும் இணையா இருக்கு. விழலைன்னா உள்ள எங்கேயோ உரசுதுன்னு அர்த்தம்.

நகக்குழி
தம்பி, பேனாக்கத்தியில் பூட்டே கிடையாதே. முதுகில் இருக்கும் ஸ்பிரிங் அலகின் அடிக்கட்டையை (அச்சைச் சுற்றிய கூரில்லாத பகுதியை) அழுத்திக்கொண்டிருப்பது ஒன்றுதான் அதைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தம் இல்லாவிட்டால் கயிறு அறுக்கும்போது அலகு விரல்மேல் மடியும். ஆர்வலர்கள் இந்த இழுவையை 1 முதல் 10 வரை அளப்பார்கள். சின்னக் கத்திக்கு 4, 5 போதும், பெரியதற்கு 6 வரை போகலாம். 8 தாண்டினால் நகம் பெயரும்.

பார்க்க வேண்டியது இழுவை எவ்வளவு என்பதைவிட அது எப்படி ஏறி இறங்குகிறது என்பதை. மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, கடைசியில் 'டக்' என்று விழ வேண்டும். நடுவில் திக்கித் திக்கிப் போனால் அடிக்கட்டையைச் சரியாக மெருகேற்றவில்லை, அல்லது உள்ளே அழுக்கு. இன்னொன்று: மூடியபோதும் திறந்தபோதும் கத்தியின் முதுகைத் தடவிப் பாருங்கள். ஸ்பிரிங் இரு பக்கத் தகடுகளோடு ஒரே மட்டத்தில் இருந்தால் வேலை தெரிந்தவர் செய்த கத்தி. 90 பாகையில் ஒரு முறை நிற்கும் மாடல்களும் உண்டு. அது பாதுகாப்புக்காக வைத்த பாதித்தடை, குறை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

வெண்ணெய்வெட்டு
சரி சார், பேனாக்கத்தியை விட்டுடறேன். பூட்டு இருக்கிற கத்திக்கு நான் சொன்னது சரிதானே?

அச்சாணி
பாதிதான் சரி. அலகு விழுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று நல்ல வேலைப்பாடு. மற்றது தளர்ந்த அச்சுத் திருகு. 200 ரூபாய்க் கத்தியைக்கூட திருகைத் தளர்த்தி 'விழ' வைக்கலாம்.

பிரித்தறிய: அலகைத் திறந்து பூட்டி, கைப்பிடியை ஒரு கையில் பிடித்து, மறு கையால் அலகின் முதுகை நுனிப்பக்கம் பிடித்து இடவலமாக அசையுங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் அந்த 'வழுவழுப்பு' பொய். திருகை மெல்ல முறுக்கி ஆட்டம் போகும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் வேண்டாம். பெரும்பாலான கத்திகளின் அச்சுக்கு டி8 டார்க்ஸ் (ஆறுமுனை நட்சத்திரத் திருப்புளி), உடல் திருகுகளுக்கு டி6. ஆட்டம் நின்ற பிறகும் அலகு தடையில்லாமல் ஓடினால்தான் வேலைப்பாட்டைப் பாராட்ட வேண்டும். ஆட்டம் போனதும் அலகு இறுகிவிட்டால் வாஷரோ தகடோ சமமாக இல்லை. அதைத் திருகால் சரிசெய்ய முடியாது.

ஆட்டம் மேல்கீழாக இருந்தால் அச்சைத் தொடவே வேண்டாம். அது பூட்டின் கோளாறு.

காப்புறை
விழுகிற அலகைக் கொண்டாடுபவர்களுக்கு ஒரு கேள்வி. லைனர் லாக்கை மூடும்போது கட்டைவிரல் எங்கே இருக்கிறது? தகட்டைத் தள்ளிக்கொண்டு, அலகு வரும் பாதையிலேயே. நல்ல வடிவமைப்பில் அடிக்கட்டையின் மழுங்கிய பகுதி முதலில் விரலில் படும். எல்லாக் கத்தியிலும் அந்த இடம் போதுமான நீளம் இருப்பதில்லை. 1998-ல் பெஞ்ச்மேட் நிறுவனம் கொண்டுவந்த ஆக்சிஸ் லாக்கில் குறுக்குக் கம்பியைப் பின்னால் இழுத்தால் போதும், விரல் பாதைக்கு வெளியே இருக்கும். விழுகிற அலகு அங்கே பொருந்துகிறது. லைனர் லாக்கில் அது வீண் சாகசம்.

வெண்ணெய்வெட்டு
கத்தியை மூடத் தெரியாதவனுக்காகக் கத்தியைக் கெடுக்கணுமாண்ணே? 😀

அச்சாணி
யாரும் கெடுக்கச் சொல்லவில்லை. இந்த விவாதத்தில் இன்னும் பேசாத உறுப்பு டிடென்ட். லைனர் லாக், பிரேம் லாக் (கைப்பிடியின் பக்கத் தகடே பூட்டாகும் வகை) இரண்டிலும் பூட்டுத் தகட்டில் ஏறக்குறைய 1.5 மி.மீ. குண்டு ஒன்று பதித்திருக்கும். கத்தி மூடியிருக்கும்போது அது அலகிலுள்ள குழியில் உட்கார்ந்து அலகைப் பிடித்து வைக்கிறது. பையில் தானாகத் திறக்காமல் காப்பது அதுதான்.

திறக்கும்போது முதலில் உணரும் எதிர்ப்பு குண்டு குழியை விட்டு ஏறுவது. அங்கே எதிர்ப்பு இருந்தே ஆக வேண்டும். மூடிய கத்தியைக் கையில் பிடித்து மணிக்கட்டை இயல்பாக உதறினால் அலகு எட்டிப் பார்க்கக் கூடாது. அந்த முதல் தடை தாண்டியபின் மீதித் தூரம் முழுக்க நறநறப்பே இருக்கக் கூடாது. 'கடினமாகத் திறக்கிறது' என்று வரும் புகார்களில் பல இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டவை.

வெண்ணெய்வெட்டு, உங்களுக்குப் பிடித்த பிளிப்பரே (அலகிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முனையை விரலால் தள்ளித் திறக்கும் கத்தி) இதற்குச் சாட்சி. பிளிப்பர் முனை அச்சுக்கு மிக அருகே இருக்கிறது. விரல் அழுத்தம் திரண்டு, குண்டு சட்டென்று விடும்போதுதான் அலகு பாய்கிறது. டிடென்ட் பலவீனமாக இருந்தால் அழுத்தம் சேருமுன்பே அலகு நழுவி, பாதி வழியில் தொங்கும். பேரிங் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதைக் காப்பாற்றாது. மாறாக, கட்டைவிரல் குமிழ் வைத்த கத்திக்கு மிதமான டிடென்ட் போதும். வலுவாக இருந்தால் விரல் வழுக்கி அலகின் விளிம்பை நோக்கிப் போகும்.

பிரேம் லாக் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். திறக்கும்போது மற்ற விரல்கள் பூட்டுத் தகட்டை அழுத்திக்கொண்டிருந்தால் குண்டு குழிக்குள் இன்னும் இறுகும். கத்தி 'ஜாம்' ஆகிவிட்டது என்று திருப்பி அனுப்புமுன் விரலை நகர்த்திப் பாருங்கள்.

வெண்ணெய்வெட்டு
டிடென்ட் விஷயத்தை ஒத்துக்கறேன். ஆனா பேரிங்தான் வாஷரைவிட மேல். அதுல மாத்தமே இல்லை.

நகக்குழி
தூசியில்லாத மேசை டிராயரில் இருந்தால் மேல். பேரிங்கில் குண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதல்லவா, பஞ்சும் மணலும் அங்கே போய்க் குடியேறும். பாஸ்பர் வெண்கல வாஷர் தட்டையானது, அழுக்கு நுழைய இடம் குறைவு. சில நூறு முறை திறந்து மூடினால் தானே மெருகேறும். கிறிஸ் ரீவின் செபென்சா 21 எவ்வளவு விலைக் கத்தி! அதில் வாஷர்தான். அச்சைச் சுற்றி ஒரு புஷ் (சிறு உலோகக் குழல்) இருப்பதால் திருகை முழுக்க முறுக்கினாலும் அலகு இறுகாது. எண்ணெய்க்குள் பிஸ்டன் நகர்வதுபோல நிதானமாக ஓடும். விழாது. அதை மட்டம் என்று சொல்வீர்களா?

அச்சாணி
பேரிங்குக்கு ஆதரவாகவும் ஒன்று: டைட்டானியம் கைப்பிடியில் குண்டுகள் நேரடியாக ஓடினால் மென்மையான டைட்டானியத்தில் பள்ளம் விழும். நல்ல தயாரிப்பாளர்கள் அங்கே எஃகு வளையம் வைக்கிறார்கள். வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் பாதிக் கவலை தீரும்.

மரப்பிடி
ஒபினெலை யாரும் சொல்லவில்லையே. 1890 முதல் வரும் பிரெஞ்சுக் கத்தி. ஸ்பிரிங், பேரிங் எதுவும் இல்லை, பீச் மரப்பிடியின் உராய்வே எல்லாம். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து ஊதினால் நகம் போட்டாலும் வராது. மரத்தின் இயல்பு அது. அலகைப் பூட்டும் வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, பிடியின் அடிமுனையை மேசையில் ஓங்கித் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும். பிரான்ஸின் சவோய்ப் பகுதிக்காரர்கள் வழக்கமாகச் செய்வது. நிரந்தரமாகச் சரியாக வேண்டுமானால் சில நாள் நன்றாகக் காயவிட்டு, அச்சுப் பகுதியில் ஆளி விதை எண்ணெய் ஊறவையுங்கள்.

புதுக்கை
தேங்காய் எண்ணெய் விடலாமா? வீட்டில் அதுதான் இருக்கிறது.

காப்புறை
வேண்டாம். குளிரில் உறையும், நாள்பட்டால் சிக்கு நாற்றம் அடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும். பழம் நறுக்கும் கத்தி என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாராஃபின். அச்சின் இரு பக்கமும் ஒரு துளி, இருபது முறை திறந்து மூடி, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். ஒரு துளி என்றால் ஒரு துளிதான். அதிகமானால் தூசி ஒட்டி அரைத்த மாவு மாதிரி ஆகிவிடும்.

அச்சாணி
எண்ணெய் விடுமுன் கழுவுங்கள். விக்டோரினாக்ஸை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் முக்கி, தண்ணீருக்குள்ளேயே பலமுறை திறந்து மூடி, நன்றாக உலர்த்தியபின் எண்ணெய். அதில் பித்தளை ரிவெட், கழற்றத் திருகு இல்லை, தேவையும் இல்லை. லைனர் லாக்கைக் கழற்றுமுன் உத்தரவாத அட்டையைப் படியுங்கள், சில நிறுவனங்கள் கழற்றினாலே கைவிரித்துவிடும். திருகு அடிக்கடி தளர்ந்தால் நீல லாக்டைட் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை), குண்டூசி முனையளவு, எண்ணெய் துடைத்த மரையில் மட்டும். வாஷர் பக்கம் கசிந்தால் அச்சே ஒட்டிக்கொள்ளும்.

வெண்ணெய்வெட்டு
நியூயார்க்ல மணிக்கட்டை உதறினா திறக்கிற கத்தியை 'கிராவிட்டி நைஃப்'னு சொல்லி 2019 வரைக்கும் ஆளைப் பிடிச்சாங்க. சாதாரண மடக்குக் கத்தி வச்சிருந்தவனும் மாட்டினான். அந்தச் சட்டத்தை அந்த வருஷம் மே மாசம்தான் ரத்து பண்ணாங்க. இங்க காப்புறை அண்ணன் இன்னும் ரத்து பண்ணலை போல.

காப்புறை
உங்கள் கட்டைவிரல் பத்திரமாக இருக்கும்வரை ரத்து செய்ய மாட்டேன்.

புதுக்கை
லைனர் லாக்கை இடவலமாக அசைத்தால் ஆட்டம் இருக்கிறது. டி8-ல் கால் சுற்றுக்கும் குறைவாக முறுக்கியதும் நின்றது. இப்போது அலகு விழவில்லை, பாதியில் நிற்கிறது, லேசாக உதறினால் மூடுகிறது. பேனாக்கத்தியின் ஸ்பிரிங் தகடுகளோடு ஒரே மட்டம்.

நகக்குழி
இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. லைனர் லாக்கை ஒரு வாரம் பயன்படுத்திவிட்டு மறுபடி அசைத்துப் பாருங்கள். ஆட்டம் திரும்பினால் அப்போது லாக்டைட் பற்றிப் பேசுவோம்.