தொடக்க-நிறுத்தப் பதிகை: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம். கணினிச் சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் வைப்பது பற்றி நீங்கள் கேட்டவற்றை மேற்கோளாக வைத்து, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

> கணினியை எப்போது போட்டார்கள், எப்போது அணைத்தார்கள் என்று காட்டும் பட்டியலுக்கு 'மின்னேற்றப் பதிவு' என்று வைக்கலாமா?

வேண்டாம் ஐயா. மின்னேற்றம் என்றதும் பேட்டரிக்கு சார்ஜ் போடுவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதைவிட முக்கியமாக, அந்தப் பட்டியல் மின்சாரத்தைக் கவனிப்பதே இல்லை. அதை எழுதுவது விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம். தான் ஏறி நின்ற பிறகும் இறங்குவதற்கு முன்பும் மட்டுமே அதனால் எதையும் எழுத முடியும்.

விண்டோசில் இந்தப் பட்டியலைக் காட்டும் ஈவென்ட் வியூவர் என்ற நிரலில் சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு வகை நிகழ்வுக்கும் ஓர் எண் இருக்கும். 6005 என்ற எண், நிகழ்வுகளை எழுதிவைக்கும் பதிவுச் சேவை தொடங்கியதைச் சொல்கிறது. 6006, அது நின்றதைச் சொல்கிறது. கணினியைப் போட்டது, அணைத்தது என்பதெல்லாம் அவற்றிலிருந்து நாம் ஊகித்துக்கொள்வதே. நிறுத்தச் சொன்னது யார், எந்த நிரல் என்பது 1074இல் இருக்கும். திடீரென்று மின்சாரம் போனால் 6006 வராது. அடுத்த முறை கணினியைப் போடும்போதுதான், முன்பு நின்றது எதிர்பாராத நிறுத்தம் என்று 6008 எழுதப்படும். அதாவது, விழுந்த செய்தியே எழுந்த பிறகுதான் பதிவாகிறது! லினக்சிலும் இப்படித்தான்: முறையாக நிறுத்தாமல் போன அமர்வுக்கு நேரே, முந்தைய அமர்வுகளைப் பட்டியலிடும் 'லாஸ்ட்' கட்டளை 'கிராஷ்' என்று காட்டும்.

ஆகவே இயங்குதளத்தின் தொடக்கத்தையும் நிறுத்தத்தையும் சொல்லும் பெயரே பொருந்தும். தொடக்க-நிறுத்தப் பதிகை என்பது என் முன்மொழிவு. 'பதிவு' என்ற சொல் வலைப்பதிவு, பத்திரப்பதிவு, ஒலிப்பதிவு என்று ஏற்கெனவே பல வேலை பார்க்கிறது. புகுபதிகை (லாகின்), விடுபதிகை (லாகவுட்) இரண்டும் தமிழ் விக்கிப்பீடியாவில் புழங்குவதால் 'பதிகை' புதிதாகத் தோன்றாது.

> 'துவக்க' என்று இருந்தால் ஓசை நன்றாக இருக்குமே?

ஈழத்தில் துவக்கு என்றால் துப்பாக்கி. திரையில் 'துவக்கு' என்று ஒரு பொத்தானை வைத்தால் அங்குள்ள வாசகர் ஒரு கணம் தடுக்கிவிடுவார். எல்லாருக்கும் பொதுவான 'தொடக்கம்' இருக்கும்போது அதையே எடுக்கலாம்.

> நிறுத்தத்தில் இரண்டு வகை உண்டல்லவா?

உண்டு. பிரித்தே ஆக வேண்டும். ஒழுங்காக மூடி நிற்பது முறைநிறுத்தம். மின்தடையாலோ கணினி உறைந்ததாலோ நடுவில் அறுவது இடைமுறிவு. 'திடீர் நிறுத்தம்' என்றால், பயனர் அவசரமாக அணைத்ததையும் அது குறிக்கும். அப்படி அணைத்தாலும் அது முறைநிறுத்தமாகவே இருக்கலாம்.

> அப்டைம் என்பதற்கு 'இயங்குநேரம்' போதுமா?

கணினி தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று காட்டும் எண்தான் அப்டைம். இங்கேதான் எனக்குப் பெரிய தயக்கம். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற ஏற்பாடு இருக்கிறது. அது செயலில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது கருநிரலின் (இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின்) நிலை வட்டில் சேமிக்கப்படும். அடுத்த முறை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால் இரவுதோறும் கணினியை அணைக்கிறவருக்கும் டாஸ்க் மேனேஜரில் அப்டைம் பல நாள் கணக்காகத் தெரியும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் கணக்கு பூச்சியத்துக்குத் திரும்பும். லினக்சின் 'அப்டைம்' உறக்கத்தில் கழிந்த நேரத்தையும் சேர்த்தே எண்ணும். இரண்டிலும் அது இயங்கிய நேரம் அல்ல. கடைசி முழுத் தொடக்கத்திலிருந்து கடந்த நேரம். அலுவலகத்தில் ஒருவர் எவ்வளவு நேரம் வேலை செய்தார் என்பதற்கு இந்த எண்ணைச் சான்றாகக் காட்டும் இடங்களில், 'இயங்குநேரம்' என்ற பெயர் தவறான முடிவுக்கு இழுத்துச்செல்லும். 'தொடர்நேரம்' என்று ஒன்று தோன்றுகிறது. முழுநிறைவு இல்லை, இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

உறக்கம், விழிப்பு இரண்டையும் இதே பதிகையில் காணலாம். ஆனால் அவற்றைத் தொடக்கம், நிறுத்தம் என்று எழுத வேண்டாம். நினைவகத்தை வட்டுக்கு மாற்றிவிட்டுக் கணினி படுப்பதற்கு (ஹைபர்னேட்) 'ஆழ்துயில்' சரிவருமா என்று மற்றவர்களும் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.