உதைக்கிற ரைபிளில் தாங்கிய ஸ்கோப், தாங்காத ஸ்கோப்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

என் .375 எச் அண்ட் எச் மேக்னம் ரைபிளில் முதலில் மாட்டியது 50 மி.மீ. முன்கண்ணாடி வைத்த பெரிய ஸ்கோப் (ரைபிளின் மேல் மாட்டிக் குறிபார்க்கிற தொலைநோக்கி). மாலை வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரிந்தது, ஜீரோ செய்த, அதாவது குறி வைத்த இடத்திலேயே தோட்டா படும்படி ஸ்கோப்பைத் திருத்திய அன்று மூன்று தோட்டாவும் ஒட்டி ஒட்டி விழுந்தன, சரி, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன். முப்பது நாற்பது தோட்டா போனதும் குறி நகரத் தொடங்கியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. தோளுக்குப் பின்னால் வைத்த குறி ஒரு காட்டுப்பன்றியின் வயிற்றில் பட்டது. இரத்தத் தடம் பிடித்துத் தேடி அதன் துன்பத்தை முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. அந்த மாலை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அப்புறம்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று படித்தேன். குறியை மேலும் கீழும் நகர்த்துகிற சின்னக் குழாய் ஒன்று ஸ்கோப்புக்குள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் நிற்கிறது. ரைபிள் பின்னால் உதைக்கும்போது ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், எடை கூடக் கூட ஸ்கோப்பைப் பிடித்திருக்கிற ரிங்கும் உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கும் வாங்குகிற அடியும் கூடும். பலரும் வேட்டைக்கு வைத்திருக்கிற .30-06 ரைபிள் உதைப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு .375 உதைக்கும், அதனால் அங்கே தாங்கியது இங்கேயும் தாங்கும் என்று நம்ப முடியாது. இப்போது இருப்பது லியூபோல்டின் 1.5-5x20 (1.5 முதல் 5 மடங்கு உருப்பெருக்கம், 20 மி.மீ. முன்கண்ணாடி), எடை 300 கிராமுக்கும் குறைவு. 150 மீட்டருக்குள் சுடுகிறவனுக்கு இந்த உருப்பெருக்கம் தாராளம்.

பதில்: எனக்கு அடி புருவத்தில். மேட்டை நோக்கிப் படுத்துச் சுட்டேன், அப்படிப் படுத்தால் கண் தானாகவே ஸ்கோப்புக்குப் பக்கத்தில் போய்விடுகிறது, ஐ ரிலீஃபோ, அதாவது கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இருக்க வேண்டிய இடைவெளியோ, 3 அங்குலம்தான். நான்கு தையல். 3.5 அங்குலத்துக்குக் குறைந்ததை .338 மாதிரி பலமாக உதைக்கிற ரைபிளில் மாட்டாதீர்கள், 4 இருந்தால் இன்னும் நல்லது. அதையும் உருப்பெருக்கத்தை முழுக்கத் திருகி வைத்துப் பாருங்கள், பல ஸ்கோப்புகளில் அங்கேதான் இடைவெளி குறையும்.

பதில்: எனக்கும் குறி நகர்ந்தது, ஸ்கோப்பைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினேன், ஒரு குறையும் இல்லை என்று அப்படியே திரும்பி வந்தது. ரிங்குகளை ரைபிளோடு பிடித்திருக்கிற அடித்தட்டான பேஸைக் கழற்றிப் பார்த்தால் திருகு இரண்டு தளர்ந்திருந்தன. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, திருகுப் பசை போட்டு, இறுக்கத்தை அளந்து முறுக்குகிற டார்க் ரெஞ்சால் முறுக்கினேன், அதோடு தொல்லை தீர்ந்தது. ரிங் திருகுகளுக்கு 15 முதல் 18 இன்ச்-பவுண்டு வரை சொல்வார்கள், ஆனால் ரிங்கோடு வரும் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும். கைக்கணக்கில் இறுக்கிக் குழாயை நசுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பதில் (முதலில் எழுதிய நான்தான்): திருகு விஷயம் ரொம்பச் சரி. இன்னொன்று செய்கிறேன்: ரிங் ஓரத்தில் குழாயின் மேல் நகப்பூச்சால் மெல்லிய கோடு, ஸ்கோப் ஒரு மயிரிழை முன்னால் வழுக்கினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். வேட்டைக்குக் கிளம்பும் முன் அந்தக் கோட்டைப் பார்ப்பேன், பிறகு அட்டையில் இரண்டு தோட்டா. இரண்டும் பட வேண்டிய இடத்தில் படாவிட்டால் அன்றைக்குப் போவதில்லை.